வயரும் முழங்காலும்: இந்த முறை வந்த கேள்விகள்

20 வருடங்களுக்கு மேலாகத் திருகோணமலையில் வீடு வீடாகப் போய் இணைய இணைப்புகளைச் சரிசெய்து கொடுக்கிறேன். ஏணி ஏறி இறங்கியே இடது முழங்கால் தேய்ந்துபோனது. கடந்த ஆனி மாதம் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். அதைப் போன முறை இந்தக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வரியில் சொன்னதுதான் தாமதம், இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ரவுட்டரைப் பற்றியும் பாதி முழங்காலைப் பற்றியும் இருக்கின்றன. வயர் விஷயம் என் தொழில். முழங்கால் விஷயத்தில் நான் மருத்துவன் அல்ல. என் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லித் தந்ததையும் நான் பட்டு அறிந்ததையும் மட்டும் சொல்கிறேன். உங்கள் டொக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் பேச்சையே கேளுங்கள்.

உவர்மலையிலிருந்து ஒரு மகள்: "அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி மூன்று கிழமை. பின் அறையில்தான் படுக்கை. அண்ணா கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கவா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள் தங்கச்சி. பழுது எங்கே என்று தெரியாமல் செலவு செய்தால் பழுதும் இருக்கும், காசும் போயிருக்கும். அப்பாவின் ஃபோனை எடுத்துக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாவைக் கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே படம் ஒழுங்காக வந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறை இல்லை, வீட்டுக்குள்தான் சிக்னல் தேய்கிறது. அங்கேயும் நின்று நின்று வந்தால் இணைய நிறுவனத்துக்கு அழைப்பு எடுக்க வேண்டியதுதான். இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் ரவுட்டர் மாற்றிய வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் முதலாவதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். உவர்மலைப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் தடிப்பானவை. இப்போதைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. ஐந்து வேகமானது, ஆனால் சுவர் தாண்டும் பலம் அதற்குக் குறைவு. 2.4 மெதுவானது, தூரம் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ஃபோன் சில நேரம் பலமிழந்த ஐந்தையே பிடித்துக்கொண்டு தவிக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, அப்பாவின் ஃபோனை 2.4 இல் மட்டும் இணைத்துவிடுங்கள். ஒரு வீடியோ அழைப்புக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) போதும், அதை 2.4 தாராளமாகத் தரும்.

அப்புறம், ரவுட்டரை விறாந்தையிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவர முடியுமா பாருங்கள். நெஞ்சு உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், அலுமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இரும்பும் தண்ணீரும் சிக்னலை விழுங்கும்.

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால் கடையில் ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே திருப்பிப் பேசுவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். வாங்கினாலும் பின் அறையில் செருகாதீர்கள், சிக்னல் செத்த இடத்தில் அது எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வையுங்கள். என் மனதுக்குப் பிடித்த வழி, கெட்-6 என்ற இணைய வயரைப் பின் அறைவரை இழுத்து, அங்கே வயரில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் அக்சஸ் பொயின்ற் ஒன்று வைப்பது. இந்த வயர் 100 மீற்றர் வரை தாங்கும், வீட்டுக்குள் கவலையில்லை.

இங்கேதான் அப்பாவின் முழங்கால் வருகிறது. அந்த வயரைத் தயவுசெய்து நிலத்தில் விடாதீர்கள். என் மூன்றாவது கிழமையில், கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை விசிறிக்கு நானே இழுத்து வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் வோக்கரின் கால் சிக்கியது. மனைவி பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன். புதிய மூட்டோடு விழுந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான். வயரைக் கதவு நிலைக்கு மேலால் கிளிப் அடித்துக் கொண்டுபோங்கள். சார்ஜர் வயரும் அப்படியே. கால்மிதியையும் பாயையும் சுருட்டி ஓரமாக வையுங்கள். அழைப்பு வந்ததும் ஃபோனைத் தேடி அவசரமாக எழும்புவதுதான் இன்னொரு ஆபத்து. வோக்கரின் முன்புறத்தில் ஒரு துணிப்பை கட்டி ஃபோனை அதில் போட்டுவிடுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: "அம்மா முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால்தான் சுகமாக இருக்கிறது என்கிறார். வைக்கலாமா?"

வைக்க வேண்டாம். சுகமாக இருப்பது உண்மைதான், ஆனால் மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். பிறகு காலை முழுதாக நீட்ட முடியாமல் நொண்டி நடக்க வேண்டி வரும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் நிற்கட்டும். நோகும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அந்த நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் இரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

மூதூரிலிருந்து ஒரு தம்பி: "போன கிழமை இடிக்குப் பிறகு ரவுட்டரில் லைட் எல்லாம் எரிகிறது, வைஃபையும் வேலை செய்கிறது. ஆனால் வயரில் போட்ட கணினிக்கு மட்டும் இணையம் இல்லை."

பெரும்பாலும் வயர் செருகும் துளை எரிந்திருக்கும். அது ரவுட்டர் பக்கமா கணினிப் பக்கமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். முதலில் ரவுட்டரின் வேறு துளை. அடுத்து வேறு வயர். அடுத்து அதே வயரில் வேறு கணினி. உங்கள் கணினியில்தான் குறை என்றால் யூஎஸ்பியில் செருகும் சிறிய லேன் அடாப்டர் ஒன்று போதும், மதர்போட் மாற்றத் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் இடி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் வீட்டுக்குள் வருவது செம்பு வழியாக. மின்சார வயர், பழைய தொலைபேசி வயர், கூரைமேல் அன்ரெனா, எல்லாம் அதற்கு வழிதான். ஃபைபர் இணைப்பின் இழை கண்ணாடி என்பதால் மின்சாரம் கடத்தாது. அதை நம்பி, ஃபைபர் வீட்டுக்காரர்கள் பிளக்கைக் கழற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ரவுட்டரின் அடாப்டர் மின்சாரத்தில்தானே இருக்கிறது! சுவிட்சை நிறுத்துவது போதாது, பிளக்கையே சுவரிலிருந்து எடுக்க வேண்டும். செம்புத் தொலைபேசி வயர் இருந்தால் அதையும். இதெல்லாம் வானம் கறுக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. இடி தலைக்கு மேலே நிற்கும்போது வயரில் கை வைக்காதீர்கள்.

இடிக்குப் பிறகு ரவுட்டர் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எரிந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். லைட் எரிவதற்கு மட்டும் பலம் இருக்கும், வேலை கூடும்போது விழுந்துவிடும். மாற்றும்போது வோல்ற் அதே அளவாக இருக்க வேண்டும், அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

நகரத்தில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை: "படி ஏற எந்தக் காலை முதலில் வைப்பது? ஊன்றுகோல் எந்தக் கையில்?"

ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது ஊன்றுகோலும் சத்திரசிகிச்சை செய்த காலும் முன்னே. சமதரையில் ஊன்றுகோல் சத்திரசிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். எல்லோரும் நோகிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் பிடித்தேன். கைப்பிடி உள்ள படி என்றால் ஒரு கை கட்டாயம் அதில். ரீச்சர், நீங்கள் தனியாக இருப்பதால் இன்னொன்று: முதல் கிழமைகளில் மேல்மாடிக்கு ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் போகத் தேவையில்லாதபடி சாமான்களைக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளியில் நாலு அறை வாடகைக்கு விடுபவர்: "ஆடி ஆவணியில் அறைகள் நிறைந்தால் இரவு எட்டு மணிக்கு இணையம் நகராது. காலையில் பறக்கிறது. அடுத்த சீசனுக்குள் சரிசெய்ய வேண்டும்."

ஒரு மடிக்கணினியை வயரில் நேரே ரவுட்டரில் செருகி, காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். வயரிலேயே இரவில் விழுகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வெளியில் நெரிசல். 4ஜி இணைப்பில் இது சாதாரணம், ஒரே கோபுரத்தை ஊரே பகிர்கிறது. மற்றது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. பகல் முழுக்கப் புறாமலையில் படம் எடுத்துவிட்டு வந்த விருந்தினரின் ஃபோன்கள், அறைக்கு வந்து வைஃபை பிடித்ததும் அத்தனை படத்தையும் வீடியோவையும் மேலேற்றத் தொடங்கும். மேலேற்றும் பாதை குறுகியது. அது அடைபட்டால் கீழிறங்கும் பாதையும் தடுமாறும், ஏனென்றால் வந்த ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் "கிடைத்தது" என்ற பதில் அந்தக் குறுகிய பாதையால்தான் போக வேண்டும். விருந்தினருக்குத் தனி வைஃபை பெயர் கொடுத்து, அதற்கு மேலேற்றும் வேகத்தில் ஒரு வரம்பு போடுங்கள். உங்கள் சொந்தக் கணினியும் காமெராவும் அவர்கள் கைக்கு எட்டாது என்பது கூடுதல் நன்மை.

வயரில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் விழுந்தால் பக்கத்து ஹோட்டல்களோடு அலைவரிசை மோதுகிறது. 2.4 இல் ஒன்றையொன்று தொடாத சானல்கள் 1, 6, 11 மட்டும். ஃபோனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு எது காலியோ அதை எடுங்கள். 3, 4 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உங்களுக்குத்தான்.

"இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை" என்று புதிதாக வந்தவர்கள் மட்டும் முறையிட்டால் வேறு கதை. ரவுட்டர் ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு முகவரி கொடுக்கிறது. பல ரவுட்டர்களில் அந்த முகவரி ஒரு நாள் முழுக்க அவர் பெயரில் இருக்கும், அவர் அறையைக் காலி செய்துவிட்டாலும். முகவரி தீர்ந்தால் அடுத்தவருக்கு 169.254 என்று தொடங்கும் வெற்று முகவரிதான் கிடைக்கும். ரவுட்டர் அமைப்பில் முகவரி கொடுப்பதைக் கவனிக்கும் டிஎச்சிபி பக்கத்தில் அந்த நேரத்தை இரண்டு மணித்தியாலமாகக் குறைத்துவிடுங்கள்.

திருக்கடலூரிலிருந்து: "மழை பெய்தால் தொலைபேசியில் இரைச்சல், இணையமும் அறுந்து அறுந்து வருகிறது."

உப்புக்காற்று. வெளியில் உள்ள செம்பு இணைப்பில் களிம்பு ஏறியிருக்கும். தூணிலிருந்து வீட்டுக்கு வரும் பகுதி நிறுவனத்தின் பொறுப்பு, முறைப்பாடு செய்யும்போது "மழை நேரத்தில் இரைச்சல்" என்று கட்டாயம் சொல்லுங்கள், அவர்கள் தேட வேண்டிய இடம் தெரியும். உங்கள் பக்கத்தில், வயர் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

பாலையூற்றிலிருந்து: "100 எம்பிபிஎஸ் இணைப்புக்குக் காசு கட்டுகிறேன். ஃபைல் இறங்கும்போது 12 என்றுதான் காட்டுகிறது."

ஏமாறவில்லை தம்பி. நிறுவனம் சொல்வது பிட், கணினி காட்டுவது பைட். எட்டு பிட் ஒரு பைட். 100ஐ எட்டால் பிரித்துப் பாருங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து: "வீட்டிலிருந்து கணினியில் வேலை. மூட்டு மாற்றி ஐந்து கிழமை. பின்னேரமானால் கால் வீங்குகிறது. பயமாக இருக்கிறது. மாமி கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்க் காலில் ஊற்றச் சொல்கிறார்."

பயம் எனக்கும் இருந்தது. வீக்கம் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வரைகூட இருக்கும் என்று இயன்மருத்துவர் சொன்னார். எனக்கு நாலாம் மாதம்வரை இருந்தது. காலையில் வற்றி, பின்னேரம் ஏறுவது வழமையான வீக்கம். காலைத் தொங்கப்போட்டபடி நீண்ட நேரம் இருந்தால் கூடும். அரை மணிக்கு ஒருமுறை எழும்பிக் குசினிவரை நடந்துவிட்டு வாருங்கள். மத்தியானம் படுத்து, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி காலைத் தூக்கி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள்.

ஆனால் எல்லா வீக்கமும் வழமையானதல்ல, இதைக் கவனமாக வாசியுங்கள். கெண்டைக்கால் நொந்து, சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, காலைத் தூக்கி வைத்தும் வற்றாவிட்டால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயத்தில் நீரோ சீழோ கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே. திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ 1990 ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். முச்சக்கரவண்டி தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

கன்னியாவுக்கு இப்போது வேண்டாம். ஏழு கிணற்று வெந்நீரும் வயல் வேலை முடித்த உடம்புக்கு இதமானதுதான், நானும் சிறுவயதிலிருந்து போகிறவன். ஆனால் வீங்கிய முழங்காலில் சூடு பட்டால் வீக்கம் கூடும். காயம் முழுதாக ஆறவில்லை என்றால் கிருமி போகும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஈரத் தரை. மாமியிடம் என் பெயரைச் சொல்லுங்கள், பழியை நான் ஏற்கிறேன்.

கடைசியாக, ஒரு பக்தர்: "கோணேசர் கோயிலுக்கு எப்போது போகலாம்? நிலத்தில் இருக்கலாமா? மோட்டார் சைக்கிள்?"

மோட்டார் சைக்கிளுக்குப் பொதுவாக ஆறு கிழமை என்பார்கள், அதுவும் டொக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகு, பலமான வலி மருந்துகளை நிறுத்திய பிறகு. கோயிலுக்கு நான் பத்தாவது கிழமை போனேன். கோயில் இருக்கும் கோட்டையின் வாசலிலிருந்து ஏற்றம் முழுவதையும் நடக்கவில்லை, முடிந்த தூரம் முச்சக்கரவண்டியில் போய் மிச்சத்தை மகனின் தோளைப் பிடித்து நடந்தேன். கோட்டைக்குள் மான்கள் வழியில் படுத்திருந்தால் அவற்றுக்காக ஒதுங்கக்கூட நேரம் எடுத்தது. சப்பாணி கட்டி இருப்பதும் குந்தி இருப்பதும் மாற்றிய மூட்டுக்கு நல்லதல்ல என்று என் டொக்டர் சொல்லிவிட்டார். உங்களுக்கு எவ்வளவு மடக்கலாம் என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். நான் ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுபோய்த் தூணோரமாகப் போட்டு இருந்து பூசை பார்த்தேன். கூட்டம் குறைந்த நாளாக, வெயில் ஏறுமுன் போங்கள். வெறுங்காலோடு சுடுகல்லில் அவசரமாக நடக்கிற நிலை உங்களுக்கு வரக் கூடாது.