வெண் தேநீருக்கு மாறலாமா? இரத்தசோகை உள்ள வாசகிக்கு ஒரு பதில்

மன்னார்குடியைச் சேர்ந்த 47 வயது வாசகி ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "நாளுக்கு நான்கு முறை, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு டிகிரி காபி குடிப்பது என் பழக்கம். சர்க்கரை நோயின் எல்லையில் இருக்கிறேன் என்றும், ஹீமோகுளோபின் 10.2 தான் என்றும் கூறி மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். குன்னூரில் இருந்து மகள் வெள்ளைத் தேயிலை வாங்கி வந்திருக்கிறாள். அது சர்க்கரையையும் எடையையும் குறைக்குமாமே, காபிக்குப் பதிலாக அதைக் குடிக்கலாமா? சாப்பிட்டவுடன் குடிக்கலாமா?"

மாறலாம், ஆனால் சாப்பிட்டவுடன் குடிக்க வேண்டாம். உங்கள் உடல்நிலைக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முதன்மையானது.

வெள்ளைத் தேயிலை தனிச் செடியில் விளைவதன்று. சாதாரணத் தேயிலைச் செடியின் விரியாத மொட்டையும் இளங்கொழுந்தையும் பறித்து, உருட்டாமலும் கசக்காமலும் வாடவைத்து உலர்த்தினால் கிடைப்பதே அது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் தோன்றிய இந்த முறையில் இன்று நீலகிரியிலும் தயாரிக்கிறார்கள். பக்குவப்படுத்தல் குறைவாக இருப்பதால், கேட்டச்சின் எனப்படும் பாலிஃபீனால்கள் (தாவரங்களில் இயல்பாக உள்ள ஒருவகை வேதிப்பொருள்கள்) இதில் பெரும்பாலும் சிதையாமல் தங்குகின்றன. அவை கொழுப்புச் செல்களின் மீதும் சர்க்கரைச் செரிமானத்தின் மீதும் செயல்படுவதாகக் கூறும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடச் செல்களிலும் விலங்குகளிலும் செய்யப்பட்டவை என்பதால், இதைக் குடித்தே சர்க்கரை குறையும் என்று உங்களுக்கு நான் உறுதியளிக்க மாட்டேன்.

ஆயினும் உங்களுக்கு ஆதாயம் உண்டு. நான்கு காபியில் எட்டு ஸ்பூன், அதாவது ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் அந்த இடத்திற்கு வந்தால், சர்க்கரையிலிருந்து மட்டும் நாளுக்குச் சுமார் 160 கலோரி குறையும். இலையின் மகிமையைவிட இந்தக் கணக்கையே நான் நம்புகிறேன். பால் குறைவதால் இழக்கும் கால்சியத்திற்கு, மாத்திரை விழுங்காத வேளையில் தயிரோ மோரோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி இரும்புச்சத்து. நம் டெல்டாவில் பெரும்பாலோருக்கு இரும்புச்சத்து சோறு, பருப்பு, கீரை ஆகிய தாவர உணவுகளிலிருந்தே கிடைக்கிறது. அந்த வகை இரும்பைத் தேநீரின் பாலிஃபீனால்கள் குடலிலேயே பற்றிக்கொள்வதால், முருங்கைக்கீரைப் பொரியலோடு உண்டு முடித்த கையோடு ஒரு குவளை தேநீர் குடித்தால், அந்தக் கீரையின் இரும்பில் ஒரு பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். காபியும் இதையே செய்கிறது. மதிய உணவுக்குப் பின் உடனே டபராவை எடுக்கும் நம் ஊர் வழக்கமும் உங்கள் இரத்தசோகைக்குத் துணைபோயிருக்கலாம். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இவ்விரண்டையும் தவிர்க்குமாறு 2024-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக வழிகாட்டுதலும் கூறுகிறது. மாத்திரைக்கு இடைவெளி இரண்டு மணி நேரமாக இருக்கட்டும். அதைத் தண்ணீரிலோ சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைச் சாற்றிலோ விழுங்குங்கள். பெண்களுக்கு 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 10.2-இல் நிற்பதற்கு அதிக மாதவிடாய்ப் போக்கு போன்ற வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் அதையும் கேட்டறிவது அவசியம்.

வெண் தேநீரில் காஃபின் இல்லை என்று சிலர் சொல்வது சரியன்று. இளங்கொழுந்தில் காஃபின் கணிசமாகவே உண்டு. ஆகவே மாலைக்குப் பின் வேண்டாம். காலை பதினொரு மணிக்கு ஒன்று, பிற்பகல் நான்கு மணிக்கு ஒன்று போதும். கொதித்து இறக்கிய நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, ஒரு குவளைக்கு 2 கிராம் இலையிட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வடித்துக் குடியுங்கள். காபியை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரக்கூடும். ஒவ்வொரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மகள் வாங்கித் தந்தது தீர்ந்தபின் இந்த விலையுயர்ந்த இலையையே தேட வேண்டியதில்லை, சர்க்கரை சேர்க்காத பச்சைத் தேநீரும் இதே வேலைக்குப் போதும்.

எடை குறைக்கும் என்று விற்கப்படும் தேயிலைச் சாறு மாத்திரைகளை மட்டும் வாங்காதீர்கள். இ.ஜி.சி.ஜி. (EGCG) என்ற கேட்டச்சின் வகையை நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக உட்கொள்வது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது.