பசித்தவன் எடுத்த ரொட்டி திருட்டா?

கேள்வி: ஐயா, பைபிளையே பார்க்காதவர்களுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும்?

பதில்: அப்போஸ்தலன் பவுல் இதற்கு, பைபிளில் உள்ள தன் கடிதமான ரோமர் 2:14, 15-ல் பதில் சொல்லியிருக்கிறார். மோசேயின் சட்டம் கிடைக்காதவர்களும் இயல்பாகவே அதன்படி நடக்கிறார்கள். அது அவர்கள் இருதயத்தில் எழுதியிருக்கிறது, மனச்சாட்சியும் கூடவே சாட்சி சொல்கிறது. இயற்கைச் சட்டம், அதாவது எல்லா மனிதர் மனதிலும் இயல்பாகவே பதிந்த ஒழுக்கம், என்று கிறிஸ்தவர்கள் பேசும்போது முதலில் காட்டுவது இந்த வசனங்களைத்தான்.

கேள்வி: அப்படியானால் ஒழுக்கம் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

பதில்: கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதை யோசித்துவிட்டார். பழைய ஜெர்மானியர்கள் கொள்ளையைத் தவறாக நினைக்கவில்லை என்று ஜூலியஸ் சீசர் எழுதியதை அவரே எடுத்துக் காட்டுகிறார். நன்மையைச் செய், தீமையை விலக்கு என்ற அடிப்படை அழியாது. அதிலிருந்து வரும் முடிவுகளைக் கெட்ட பழக்கம் மறைத்துவிடலாம் என்பது அவர் விளக்கம்.

கேள்வி: பசிக்காகத் திருடினால் பாவமா அண்ணா?

பதில்: நல்ல கேள்வி தம்பி. பூமியின் பொருள்கள் எல்லா மனிதரின் தேவைக்காகவும் படைக்கப்பட்டவை. 'இது என்னுடையது' என்று பிரித்துக்கொண்டது மனிதர் செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அக்குவினாஸ் ஆதரிக்கத்தான் செய்கிறார். ஆனால் அது படைப்பின் நோக்கத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்கிறார். உயிருக்கே ஆபத்து, வேறு வழியும் இல்லை என்றால், ஒளிந்து எடுத்தாலும் அது திருட்டே அல்ல. கவனியுங்கள், மன்னிக்கத்தக்க திருட்டு என்றுகூட அவர் சொல்லவில்லை! பசித்த இன்னொருவனுக்காக எடுத்தாலும் அப்படித்தான். நம் தேவைக்கு மிஞ்சியது ஏழைக்குச் சேரவேண்டியது என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். இதை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம். அதற்காக, தவணை கட்ட முடியவில்லை என்று யாரும் இதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

கேள்வி: ரோமர் 13 அரசுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே. சட்டமே அநியாயமாக இருந்தால்?

பதில்: அநியாயமான சட்டம் சட்டமே அல்ல என்பது பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டினின் கருத்து. 1963-ல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் அதைத்தான் எடுத்து வைத்தார். அக்குவினாஸ் கொஞ்சம் நிதானமானவர்: பெரிய குழப்பம் வரும் என்றால் நம் உரிமையை விட்டுக்கொடுத்துப் பணியலாம், கடவுளின் கட்டளையை மீறச் சொன்னால் மட்டும் பணியவே கூடாது.

கேள்வி: நாங்கள் புராட்டஸ்டண்ட். பாவத்தில் விழுந்த மனிதனின் புத்தியை இவ்வளவு நம்பலாமா?

பதில்: புராட்டஸ்டண்ட் இறையியலாளர் கார்ல் பார்த்தும் நம்பவில்லை. இயற்கையிலிருந்தும் கடவுளை ஓரளவு அறியலாம் என்ற சக இறையியலாளர் எமில் புருன்னருக்கு 1934-ல் எழுதிய மறுப்புக்கு 'இல்லை!' என்றே தலைப்பு வைத்தார். அது ஹிட்லர் காலம். இனப்பெருமை இறையியல் வேஷம் போட்டுச் சபைக்குள் நுழைவதைப் பார்த்த மனிதர், பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் அவ்வளவு தூரம் போகவில்லை. பத்துக் கட்டளைகளின் ஒழுக்கச் சட்டத்தை, கடவுள் மனித மனதில் பதித்த இயற்கைச் சட்டத்தின் சாட்சி என்றுதான் எழுதினார்.