எந்த ஆண்டின் என்ஜின்? மாதிரி ரயில் குறித்த வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1950களின் பிரிட்டிஷ் ரயில்வேயைச் சித்திரிக்கும் மாதிரி ரயில் தளம் ஒன்றை அமைத்து வருகிறேன். அதில் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்ஜினைப் பச்சை நிறத்தில் ஓட்ட விரும்புகிறேன். அது இன்றும் பாதுகாக்கப்பட்டு வருவதால், அண்மைக்காலப் புகைப்படங்களைப் பார்த்தே வண்ணம் தீட்டிவிடலாமா?

பதில்: அண்மைக்காலப் படங்களை மட்டும் நம்ப வேண்டாம். பாதுகாக்கப்பட்ட என்ஜின் இன்று காட்டுவது, அதைப் பராமரிப்பவர்கள் தேர்ந்தெடுத்த தோற்றத்தை. அந்தத் தோற்றத்தில் அது முன்பு என்றாவது பணியாற்றியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் குறிப்பிடும் என்ஜினே இதற்குத் தக்க சான்று. 2000களின் தொடக்கத்தில் அது லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ஆப்பிள் பச்சை நிறத்தையும் 4472 என்ற எண்ணையும் தாங்கி, அதே வேளையில் இரட்டைப் புகைப்போக்கியோடும் முன்புறம் இருபக்கமும் நிற்கும் புகைவிலக்கித் தகடுகளோடும் ஓடியது. அந்த எண்ணை அது 1946இலேயே இழந்துவிட்டது. இரட்டைப் புகைப்போக்கி பொருத்தப்பட்டது 1959இல், தகடுகள் வந்தது 1961இல். இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்த தோற்றத்தில் அது தன் பணிக்காலத்தில் ஒரு நாளும் ஓடியதில்லை.

உங்கள் காலகட்டத்துக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் 60103 என்ற எண்ணுடன் இந்த என்ஜின் நீல நிறத்தில் ஓடியது. 1952இல்தான் அடர்ந்த பிரன்ஸ்விக் பச்சைக்கு மாறியது. எனவே உங்கள் தளம் 1951ஐக் காட்டுமானால் பச்சை என்ஜினே தவறாகிவிடும். 1955ஐக் காட்டுமானால் பச்சை சரி. ஆனால் அப்போதும் ஒற்றைப் புகைப்போக்கி இருக்க வேண்டும், தகடுகள் இருக்கக் கூடாது, டெண்டரில் (என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமக்கும் வண்டியில்) சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்கச் சின்னம் இருக்க வேண்டும். கிரீடத்திலிருந்து எழுந்து சக்கரத்தை ஏந்தும் சிங்கம் 1956இல்தான் அறிமுகமானது. அந்தப் புதிய சின்னத்திலும் ஒரு நுட்பம் உண்டு: தொடக்கத்தில் டெண்டரின் இரு பக்கங்களிலும் சிங்கம் என்ஜினின் முன்புறத்தை நோக்கியது, மரபுச் சின்ன விதிகளுக்கு அது முரணானது என்பதால், பின்னர் இரு பக்கமும் இடப்புறமே நோக்கும்படி மாற்றினார்கள். வலப்பக்கப் படம் ஒன்று கையில் இருந்தால், அது மாற்றத்துக்கு முந்தையதா பிந்தையதா என்பதைச் சிங்கத்தின் முகமே சொல்லிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரு சின்னமோ நிறமோ அறிவிக்கப்பட்ட நாளில் எல்லா என்ஜின்களும் மாறிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் பணிமனைக்குச் சென்று மறுபடி வண்ணம் பூசப்படும்போதுதான் மாறுகிறது. 1948 ஜனவரி 1 அன்று நான்கு பெரிய ரயில்வே நிறுவனங்களும் அரசுடைமையான பிறகும், பழைய நிறுவனத்தின் எழுத்துகளைத் தாங்கிய டெண்டர்கள் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். அடுத்து எண்ணை முடிவு செய்யுங்கள். அந்த எண்ணுக்கு அந்த ஆண்டை ஒட்டிய, தேதி உறுதியான ஒரு படம் கிடைக்கும்வரை தூரிகையைத் தொடாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களே. அவற்றிலிருந்து நிறத்தைக் கண்டறிய முடியுமா?

பதில்: நிறத்தை நேரடியாகப் படிக்க முடியாது, ஆனால் தவறான முடிவுகளை விலக்க முடியும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது என்பதால், அதில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். பிரிட்டிஷ் என்ஜினாக இருந்தால், முதலில் பஃபர்கள் (மோதலைத் தாங்கும் முட்டுகள்) பொருத்தப்பட்ட முன்பலகையைப் பாருங்கள். அது வழக்கமாகச் சிவப்பு நிறம். வெயில் படும் இடத்திலும் அந்தப் பலகை கன்னங்கரேலென்று தெரிந்தால் அது பெரும்பாலும் ஆர்த்தோ ஃபிலிம். அப்படிப்பட்ட படத்தில் பாய்லர் கறுப்பாகத் தெரிவதை வைத்து என்ஜின் கறுப்பு என்று முடிவுகட்டினால், ஒரு கருஞ்சிவப்பு என்ஜினுக்குக் கறுப்பு பூசிவிட நேரிடும்.

தொழிற்சாலையின் அதிகாரபூர்வப் படங்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஓரக்கோடுகளும் ஆணித்தலைகளும் தெளிவாகப் பதிய வேண்டும் என்பதற்காகவே புதிய என்ஜினுக்குச் சாம்பல் வண்ணம் பூசிப் படம் எடுத்துவிட்டு, பிறகு உரிய நிறம் பூசுவது பல தொழிற்சாலைகளின் வழக்கம். வடிவத்தையும் கோடுகளின் இடத்தையும் அறிய இவை அருமையான ஆதாரங்கள், நிறத்துக்கு உதவாதவை.

படத்தின் பின்புறம் எழுதிய தேதியை அப்படியே ஏற்காமல், படத்துக்குள்ளேயே சாட்சி தேடுங்கள். பாய்லரின் முன்முனையில் உள்ள புகைப்பெட்டியின் கதவில் எண் பலகைக்குக் கீழே உள்ள சிறு நீள்வட்டத் தகடு, என்ஜின் எந்த லோகோ ஷெட்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். ஷெட் மாற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டால் காலம் குறுகிவிடும். ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு சாய்கோடு இருந்தால் படம் 1964க்கு முந்தையதாக இருக்க முடியாது. இங்கிலாந்தின் க்ரூ நகருக்குத் தெற்கே 25,000 வோல்ட் மின்கம்பிகளின் கீழ் செல்லக் கூடாது என்று அந்த ஆண்டு தடுக்கப்பட்ட என்ஜின்களுக்கு இடப்பட்ட அடையாளம் அது.

கேள்வி: ஜெர்மன் மாதிரிகளின் பெட்டியில் ‘மூன்றாம் சகாப்தம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பு போதுமா?

பதில்: கடையில் பொருளைத் தேர்ந்தெடுக்கப் போதும், காலத்தை உறுதி செய்யப் போதாது. ரயில் வரலாற்றை மாதிரி தயாரிப்பாளர்கள் பிரித்துக்கொண்ட காலப்பகுதிகளில் ஒன்றான அந்தச் சகாப்தம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளை அடக்கியது. மேற்கு ஜெர்மனியின் அரசு ரயில்வேயான டாய்ச்ச புண்டஸ்பான் 1968 ஜனவரி 1 முதல் கணினி எண்முறைக்கு மாறியதால், ஈ 10 என்றிருந்த மின் என்ஜின் 110 ஆனது. வி 200 டீசல் 220 ஆனது. எண் பழையதா புதியதா என்பது, 1968க்கு முன்பா பின்பா என்ற ஓர் எல்லையை மட்டும் தருகிறது. அதைவிடத் துல்லியமான தகவல் மாதிரியின் மேலேயே இருக்கக்கூடும்: ஜெர்மன் நீராவி என்ஜின்களின் பஃபர் பலகையில் கடைசிப் பரிசோதனையின் தேதியை எழுதுவது வழக்கம், நல்ல தயாரிப்பாளர்கள் அதையும் நுண்ணெழுத்தில் அச்சிடுகிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, உங்கள் தளத்தின் ஆண்டு அந்தத் தேதிக்கு முந்தையதாக இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மூல நிறத்துக்கு நிகரான பெயின்ட் என்று வாங்கிப் பூசியும் என் மாதிரி அதிகக் கருமையாகத் தெரிகிறது. காரணம் என்ன?

பதில்: பெயின்ட் சரியானதாகவே இருக்கலாம். பெரிய பரப்பில் வெயிலில் பார்க்கும் நிறம், சிறிய பரப்பில் அறை வெளிச்சத்தில் அடர்ந்து தெரியும். ஆகவே பலரும் சிறிதளவு வெள்ளையோ சாம்பலோ கலந்து இளக்குகிறார்கள். எவ்வளவு கலப்பது என்பதை என்ஜினில் சோதிக்காமல், வீணான ஒரு பிளாஸ்டிக் துண்டில் பூசி, வார்னிஷும் அடித்து, தளத்தில் ரயில் ஓடும் அதே விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.