மருத்துவக் கேள்வி பதில்: காற்று வேண்டாத கிருமிகளும் மெட்ரோனிடசோலும்

கேள்வி: குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அண்ணனின் சீழைப் பரிசோதித்ததில் கிருமி எதுவும் வளரவில்லை என்று அறிக்கை வந்தது. ஆயினும் மருத்துவர் மெட்ரோனிடசோலை நிறுத்தவில்லை. இது சரியா? இந்த மருந்துக்கும் கிருமிகள் அடங்காமல் போகுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மருத்துவர் செய்தது சரியே. பெருங்குடலில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மற்றவற்றைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு மிகுதி. குடல்வால் வெடிக்கும்போது அவை வயிற்றறைக்குள் புகுந்துவிடுகின்றன. சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டெடுத்துச் சாதாரணக் குழாயில் அனுப்பினால், அவற்றில் பல வழியிலேயே காற்றுப்பட்டு மடிந்துவிடும். ஊசிக்குழலில் உறிஞ்சியெடுத்து, உடனே ஆய்வகம் சேர்த்து, ஆக்சிஜன் நீக்கிய கலனில் இரண்டு நாட்களுக்குக் குறையாமல் வைத்தால்தான் அவை வளரும். நம் ஊர் ஆய்வகங்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. ஆகவே வளராத கிருமியையும் எதிர்பார்த்தே மருத்துவர்கள் மருந்து கொடுக்கிறார்கள். வசதியின்மையால் விளையும் பெரிய தீங்கு வேறொன்று: கிருமியை வளர்க்காத இடத்தில் அது எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்பதும் தெரியாமலே போகிறது.

மெட்ரோனிடசோல் முதலில் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணிக்காகவே பயன்பட்டது. அதற்காக இம்மருந்தை உட்கொண்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப்புண்ணும் ஆறிவிட்டதை 1962இல் லண்டனில் கவனித்த பிறகே, காற்றில்லாக் கிருமிகள் மீதான இதன் வலிமை வெளிப்பட்டது. உடலுக்குள் செல்லும் வடிவில் இம்மருந்து கிருமியைக் கொல்வதில்லை. ஆக்சிஜனின்றி ஆற்றல் பெறும் வேதிவினைகளின் போது கிருமியே இதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து நச்சாக மாற்றிக்கொள்கிறது. அந்த நச்சு கிருமியின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. காற்றில் வாழும் கிருமிகளை இது தொடாததற்கும் காரணம் இதுவே.

மருந்துக்குக் கிருமி அடங்காத எதிர்ப்பு முளைப்பதும், மருந்து நச்சாக மாறும் அந்த இடத்தில்தான். வயிற்றுச் சீழில் அடிக்கடி காணப்படும் பாக்டீராய்டிஸ் ஃபிராஜிலிஸ் வகையில் சில, நிம் எனப்படும் மரபணுக்களைப் பெற்று, மருந்தை நச்சாகும் முன்பே தீங்கற்ற பொருளாக்கிவிடுகின்றன. இவை பெரும்பாலான நாடுகளில் இன்னும் குறைவு என்பது ஆறுதல். காற்றில்லாக் கிருமிகளுக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான கிளிண்டமைசினைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு அடங்காத வகைகள் பெருகிவிட்டதால், வயிற்றுத் தொற்றுக்கு அதை நம்பித் தொடங்குவதை வல்லுநர்கள் கைவிட்டுவிட்டார்கள். மெரோபெனம் போன்ற உயர்நிலை மருந்துகளையும் சிஎஃப்ஐஏ என்ற மரபணு கொண்ட வகைகளால் உடைத்தெறிய முடியும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் கதை வேறு: கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் சார்ந்த இயக்கம் அதற்குத் தேவை என்பதால், காற்றில்லாக் கிருமிகளிடம் அது என்றுமே பலித்ததில்லை.

கேள்வி: வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையில் ஓஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரையைத் தருகிறார்கள். ஒன்றிரண்டு போட்டால் நின்றுவிடுகிறதே, தவறா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தவறுதான். திடீர் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை மாத்திரை இல்லாமலும் அதே நாட்களில் தானாக நின்றிருக்கும். புகழ் மட்டும் மாத்திரைக்குப் போய்ச் சேருகிறது. ஆர்னிடசோல், மெட்ரோனிடசோலின் நெருங்கிய உறவு. தேவையின்றி விழுங்கும்போது, குடலில் நமக்கு உதவியாக வாழும் காற்றில்லா பாக்டீரியாக்கள் மடிந்து, மருந்துக்கு அடங்காதவை மிஞ்சுகின்றன. அவை எதிர்ப்பு மரபணுக்களைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கடத்தவும் வல்லவை. பாக்டீராய்டிஸில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பைச் சுமக்கும் ஒரு மரபணுத் துண்டு, அந்த மருந்து பட்டதும் நூறு முதல் ஆயிரம் மடங்கு வேகமாகப் பரவுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்; 1970க்கு முன் சேகரித்த பாக்டீராய்டிஸ்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் இருந்த அந்த எதிர்ப்பு மரபணு, பின்னர் சேகரித்தவற்றில் ஐந்தில் நான்கிற்கும் மேல் காணப்பட்டது.

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும், குழந்தைகளாயின் கூடவே துத்தநாக மருந்தும் போதும். மலத்தில் இரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அமீபா, ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணிகள்தான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தால் அவரே மெட்ரோனிடசோல் எழுதித் தருவார். அப்போது ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.