மாசி மாதத்து மஞ்சள் பூ: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாசி மகத்துக்கு முந்தைய ஞாயிறன்று அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்கு நடந்து ஏறியபோது, பழமுதிர்சோலையைத் தாண்டிய ஓரிடத்தில், பாறை மீது உள்ளங்கை அகல மஞ்சள் பூக்கள் நாலைந்து உதிர்ந்து கிடந்தன. அண்ணாந்து பார்த்தால், ஓர் இலைகூட இல்லாத கோணல் மரத்தின் கிளை நுனிகளில் அதே பூ. காட்டுப் பூவரசு என்றார் என் மாமியார். தன் கல்லூரி வாசலில் நிற்கும் தபேபுயாதான் இது என்கிறான் என் மகன். மூன்று படங்கள் அனுப்பியுள்ளேன். யார் சொல்வது சரி?
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: இருவர் சொன்னதும் இல்லை, நீங்கள் கண்டது கோங்கு. கோங்கம், கோங்கிலவு என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் காக்லோஸ்பெர்மம் ரிலிஜியோசம். மண் அதிகமில்லாத வறண்ட பாறைச் சரிவுகளிலும் வேர் பிடித்துக்கொள்ளும் இந்தச் சிறு மரம், பனிக்காலத்தில் இலைகளைக் கொட்டிவிட்டு, மாசி, பங்குனியில் வெறுங்கிளைகளின் நுனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

உங்கள் இரண்டாவது படம்தான் ஐயத்தைத் தீர்த்தது. பூவைக் கையில் வைத்து மிக நெருக்கத்தில் எடுத்திருக்கிறீர்கள். அதில் ஐந்து இதழ்களும் அடிவரை தனித்தனியாகப் பிரிந்திருப்பதும், நடுவில் எண்ணி முடியாத அளவுக்கு மகரந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிலிர்த்து நிற்பதும் தெளிவாகத் தெரிகின்றன. பூவரசும் செம்பருத்தியும் பருத்தியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் தாள்கள் அனைத்தும் அடியில் இணைந்து ஒரு குழலாகிச் சூல்தண்டைச் சுற்றி நிற்கும். பூவரசின் இதழடியில் பெரும்பாலும் காணப்படும் அரக்குத் திட்டும் உங்கள் படத்தில் இல்லை. மேலும், பூவரசு இப்படி மொட்டையாக நின்று பூப்பதில்லை.

உங்கள் மகன் தடுமாறியதில் வியப்பில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் இடம்பிடித்துவிட்ட தபேபுயாவும் இதே வாரங்களில்தான் இலையுதிர்த்து மஞ்சளாகப் பூக்கிறது. ஆனால் அதன் இதழ்கள் அடியில் இணைந்து எக்காளம் போன்ற குழலாக இருக்கும். உள்ளே மகரந்தம் தரும் தாள்கள் நான்குதான். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து ஓர் இதழை மட்டும் மெல்ல இழுத்துப் பாருங்கள்: கோங்கானால் அந்த இதழ் மட்டும் தனியே கழன்று வரும், தபேபுயாவானால் குழல் கிழியும். நிறத்தை மட்டும் நம்பிப் பூவுக்குப் பெயர் சொல்வது, சட்டையின் நிறத்தைப் பார்த்து ஆளுக்குப் பெயர் சொல்வதைப் போன்றது.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மர வியாபாரத்தில் கோங்கு என்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் முற்றிலும் வேறான, வைரம் பாய்ந்த மரத்தைக் குறிக்கும்; நம் கோங்கின் கட்டையோ மெத்தென்றிருக்கும். சங்கப் புலவர்கள் இளமகளிர் மார்புக்கு உவமை சொன்ன கோங்கின் அரும்பு இம்மரத்தின் மொட்டுதான் என்று கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து. பட்டுப் போன்ற மயிர் போர்த்த அந்தத் திரண்ட மொட்டைக் கண்டவர்கள் மறுக்கமாட்டார்கள். காய் வெடித்தால் விதைகளைச் சுற்றிப் பஞ்சு இருக்கும். அதனால்தான் 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை இலவ மரப் பேரினத்தில் வைத்தார். பின்வந்தவர்கள் அதைத் தனியாகப் பிரித்தார்கள்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டுமே. அதுவும் மகரந்தப் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிவரும் என்பதால், தச்சுத் தேனீ போன்ற பெரிய தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அதை உதிர்க்கின்றன. மரத்தடியில் காலை வேளையில் சற்று நின்றால் அந்த ரீங்காரத்தைக் கேட்கலாம். பட்டையில் கசியும் பிசின், நம் ஊர் ஜிகர்தண்டாவில் சேரும் பாதாம் பிசினைப் போலவே தண்ணீரில் உப்பும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல, கண்ட இடத்தில் சுரண்டிச் சுவைக்க வேண்டாம்.

உறுதி செய்துகொள்ள விரும்பினால், இலை துளிர்த்த பின் ஒருமுறை அதே இடத்துக்குச் சென்று பாருங்கள். கைவிரல்களைப் போல மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்த இலையின் அடிப்புறம் மென்மயிரோடு வெளிறியிருக்கும்.

கேள்வி: கோங்கு மரத்தை வீட்டில் வளர்க்க முடியுமா? காட்டிலிருந்து விதை எடுத்து வரலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: வளர்க்கலாம், தண்ணீர் தேங்காத, வெயில் நன்றாக விழும் இடம் வேண்டும். ஆனால் அழகர்மலைக் காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி விதையோ கன்றோ எடுப்பது சட்டப்படி குற்றம். நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள். விதையின் தோல் மிகக் கடினமானது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்த பிறகு விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும்.