ஜெல் மட்டும் தடவினால் போதுமா?

சகோதரி, மாதவிடாய் நின்று மூன்று வருடம், தலைசுற்றுவதால் காலையில் போட்டுவந்த 100 மி.கி. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கேப்ஸ்யூலை விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஜெல் மட்டும் தடவுகிறேன், இப்போது உள்ளாடையில் பழுப்புக் கறை என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பப்பை இருக்கிறவர்கள் அப்படி விடவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைக்கும். அதை அடக்கி வைப்பதுதான் புரோஜெஸ்டிரோன். அது இல்லாமல் நாள்பட்டால் புற்றுநோய் வரை போகலாம்.

கறை ஒரு சொட்டானாலும் இந்த வாரமே மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். கேப்ஸ்யூலை விட்டதை மறைக்காதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை.

தலைசுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் அதைப் போட்ட நேரம்தான். அந்தக் கேப்ஸ்யூல் தூக்கம் வரவழைக்கும். டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்னால், படுக்கப்போகும்போது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள்; சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற, புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோனைச் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனம் பற்றிக் கேளுங்கள்.