ஏரிக்கரையில் கவிதை நடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு நிறையப் பேர் வருகிறார்கள். வழிநெடுகச் சங்கப் பாடல்களைப் பலகையில் எழுதி வைக்க ஆசை. எத்தனை பலகை, எந்தப் பாட்டு? – செங்கல்பட்டு வாசகர்

பாட்டை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு இடம் தேடாதீர்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கரையை நடந்து பாருங்கள். மதகு, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்), படித்துறை, புளியமர நிழல் என்று ஆட்கள் தாமாகவே நிற்கிற இடங்கள் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, அங்கே கண்ணெதிரே இருப்பதைப் பேசுகிற பாட்டைப் பிறகு தேடுங்கள்.

மதகடிக்குக் குறுந்தொகை 25 பொருந்தும். கபிலர் பாட்டு. காதலி சொல்கிறாள்: அவன் கைப்பிடித்த அன்று சாட்சிக்கு யாருமில்லை, ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால்’ கொண்ட குருகு ஒன்றைத் தவிர. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. விடிகாலையில் மதகடியில் கொக்கு நிற்காத ஏரி நம் பக்கம் குறைவு. படித்து முடித்தவர் தலையைத் திருப்பினால் போதும், அந்தக் காலைப் பார்த்துவிடலாம்.

கரையில் மாமரம் இருந்தால் குறுந்தொகை 8: வயலோர மாமரத்திலிருந்து உதிரும் பழத்தை வாளை மீன் கவ்வுகிறது. ஆனால் அதில் பேசுபவள் பரத்தை. பள்ளிப் பிள்ளைகள் வரும் பாதையென்றால் துறைக் குறிப்பை (யார், எந்தச் சூழலில் சொன்னது என்ற வரியை) எப்படி எழுதுவது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். திறப்பு விழா அன்று தொடங்கும் விவாதம் நல்லபடியாக முடியாது.

அளவு முக்கியம். நின்றபடி படிப்பவருக்கு எட்டு அடி, அதாவது எட்டு வரி, போதும். குறுந்தொகை 4 முதல் 8 அடி, ஐங்குறுநூறு 3 முதல் 6. இந்த இரண்டுமே உங்களுக்குப் போதும். நற்றிணை 9 முதல் 12 அடி வரை போகும். அகநானூற்றைத் தொடவே வேண்டாம், 13-இல் தொடங்கி 31 வரை நீளும்.

150 மீட்டருக்கு ஒன்றாக 12 பலகை வைத்தால் பாதை 1,650 மீட்டர் வரும். நின்று படித்து நடக்க முக்கால் மணி நேரம் ஆகும். 50 மீட்டருக்கு ஒன்று நட்டால் மூன்றாவது பலகைக்குப் பிறகு யாரும் நிற்பதில்லை.

கேள்வி: அச்சகத்தில் கொடுத்த பாட்டு கொம்பும் காலும் இடம் மாறி வந்தது. எதைக் கவனிக்க வேண்டும்? – விருதுநகர் வாசகி

பெரும்பாலான பலகைகள் கெடுவது இங்கேதான். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். கடையில் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பும் பழைய எழுத்துருவும் இருக்கும். அதில் ஒட்டினால் ‘கொ’ உடைந்து போகும், அல்லது எழுத்துக்கு நடுவே புள்ளி வட்டம் வந்து உட்காரும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். கடைக்காரர் திரும்பத் தட்டச்சு செய்ய இடமே வைக்காதீர்கள்.

அடுத்தது பிரிப்பு. பழைய பதிப்புகளில் பாட்டு சீர் பிரித்து இருக்கும்: ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’. யாப்புக்கு அது சரி, ஆனால் வழிப்போக்கர் ‘கியரோ’வில் தடுக்கி விழுவார். பலகைக்குச் சொல் பிரித்து எழுதுங்கள்: ‘யார் ஆகியரோ’, ‘செம்புலப் பெயல் நீர்’, ‘தாம் கலந்தனவே’. அளபெடையை (ஓசை நீள்வதைக் காட்டக் கூடுதலாக வரும் உயிரெழுத்தை) மட்டும் தொடக்கூடாது. மேலே சொன்ன மாமரப் பாட்டில் ‘கதூஉம்’ என்று வரும். அந்த ‘உ’வைப் பிழையென்று நினைத்துத் தூக்கிவிடும் நல்லெண்ணம் படைத்தவர்கள் எல்லாக் கடையிலும் உண்டு.

எழுத்துருவின் எண்ணை நம்பாமல் அச்சான ‘க’வின் உயரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 12 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வரிகளுக்கு நடுவே ஒன்றரை மடங்கு இடைவெளி விடாவிட்டால் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். ஆறடிப் பாட்டுக்கு 60 × 45 செ.மீ. பலகை போதும், எட்டடிக்கு 60 × 60 வேண்டும். அருஞ்சொற்பொருள் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்.

உபயதாரர் பெயர் கடைசி வரியில், சின்ன எழுத்தில் வரட்டும். ‘உபயம்’ எழுதியே வெளிச்சத்தை மறைத்த கோயில் டியூப்லைட்டின் கதி பாட்டுக்கு வரவேண்டாம்.

கேள்வி: ஃபிளெக்ஸ் மலிவாக இருக்கிறதே, அதிலேயே அடிக்கலாமா? மரத்தில் மாட்டினால் கம்பச் செலவும் மிச்சம். – தேனி வாசகர்

இரண்டும் வேண்டாம். வெயிலில் முதலில் போவது மஞ்சளும் சிவப்பும்தான். ஒரு கோடை கழிந்தால் ஃபிளெக்ஸ் நீலம் பூத்து நிற்கும், அடுத்த ஆடிக்காற்றில் கிழியும். 4 மி.மீ. ஏசிபி (அலுமினியக் கூட்டுத் தகடு) ஷீட்டில் யூவி பிரிண்ட் எடுங்கள். வெளிர் மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, வண்ணப்படம் எதுவும் இல்லாமல். வினைல் ஒட்டினால் முனை பிரியும், பிரிந்த முனையைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் கருங்கல்லில் வெட்டுவதுதான். ஆனால் கல்லில் விழுந்த பிழை பேரன் காலத்திலும் இருக்கும்.

மரத்தில் ஆணி அடித்தால் பட்டைக்குள் நீர் இறங்கி அழுகும். கம்பி சுற்றினாலோ, மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்து சத்து ஓட்டத்தை நெரிக்கும்.

சமதரையில் 2 அங்குல ஜிஐ பைப்பை 60 செ.மீ. ஆழத்தில் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போட்டு நடுங்கள். கரிசல் மண்ணென்றால் 90 செ.மீ. போக வேண்டும், இல்லாவிட்டால் மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் மண் கம்பத்தைச் சாய்த்துவிடும். ஏரிக்கரையில் மட்டும் குழி தோண்டவே கூடாது. கம்பத்தை ஒட்டி நீர் கசிந்து வழி பிடித்தால் கரைக்கே ஆபத்து. அங்கே 60 × 60 × 30 செ.மீ. கான்கிரீட் கட்டையில் கம்பத்தைப் பதித்து வார்த்து, தரைமேல் வையுங்கள். எடை சுமார் 260 கிலோ. சாதாரணக் காற்றுக்கு அசையாது, எவரும் தூக்கிக்கொண்டும் போகமாட்டார்கள்.

பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக இரண்டு மூன்றைத் தாழ்த்திச் சாய்வாக வைக்கலாம், ஆனால் மரத்தடியில் சாய்வு வேண்டாம். ஒரே வாரத்தில் பாட்டின் மேல் கொக்கின் எச்சம்தான் இருக்கும்.

கேள்வி: யாரிடம் அனுமதி கேட்பது? – அரியலூர் வாசகர்

பூங்காவென்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி. பாசன ஏரியென்றால், பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளது நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இடம் குறித்த வரைபடம், பலகை அளவு, ‘தோண்டமாட்டோம்’ என்ற ஒரு வரி, மூன்றையும் வைத்து மனு கொடுங்கள். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு, அதாவது சின்னத்திலிருந்து 300 மீட்டர் வரை, முன் அனுமதி வேண்டும். கான்கிரீட் போடும் எண்ணமிருந்தால் அந்த எல்லைக்கு வெளியே இடம் பாருங்கள்.

கேள்வி: பாரதி, பாரதிதாசன், கண்ணதாசன் எழுதியவற்றையும் வைக்கலாமா? – ஈரோடு வாசகி

பாரதியின் எழுத்து 1949-இல் நாட்டுடைமையானது. பாரதிதாசன் 1964-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்த ஆண்டு கழிந்து 60 ஆண்டு என்ற சட்டக் கணக்குப்படி பார்த்தாலும் 2025 தொடக்கத்திலிருந்து தடையில்லை. கண்ணதாசன் மறைந்தது 1981-இல். 2041 முடியும்வரை உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். பலரும் மறப்பது உரையை. சங்கப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் இன்றைய உரையாசிரியருக்கு உண்டு. 1937-இல் வந்த உ.வே.சா.வின் குறுந்தொகை உரையை எடுத்தாள்வதில் சிக்கலில்லை, அவர் 1942-இல் மறைந்தவர்.

உள்ளூர்க் கவிஞர்களுக்கென்று மூன்று பலகையைக் கழற்றி மாட்டும் சட்டத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றினால், இடம் கிடைக்காதவர்களின் மனத்தாங்கலும் மாறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: கபிலர் குன்றில் ஒரு பலகை வைக்க முடியுமா? – திருக்கோவிலூர் வாசகர்

குன்றில் வேண்டாம். அது தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் பாறை. 2024 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாறையில் துளை போடுவதும் தகாது. குன்று தெரிகிற கரையில், வெள்ளக் குறிக்கு மேலே வையுங்கள். பாட்டு, கபிலரின் நண்பன் பாரியின் மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்’, புறநானூறு 112, ஐந்தே அடி. இந்த ஒரு பலகைக்காக மட்டும் பௌர்ணமியன்று மாலை ஆறரைக்கு ஒரு நடை வைக்கலாம். இருபது பேருக்கு மேல் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். படிக்க டார்ச் தேவைப்படும், படித்த பிறகு அணைத்துவிடுங்கள்.